கீற்று மேகத்தில் பனி பிறக்கும் கணக்கு



ஆனி, ஆடி மாதங்களில் மதுரை மாவட்டத்துப் பேரையூரில் வீசும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, சாப்டூர் மலையையும் சதுரகிரியையும் தாண்டி, நம் கரிசல் காட்டுக்குக் காற்றை மட்டும் அனுப்பும் பருவம் அது. தாழ்ந்த மேகங்கள் அந்தக் காற்றோடு கிழக்கே ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளியில் அண்ணாந்து பார்த்தால், வெகு உயரத்தில் மெல்லிய வெள்ளை இழைகளாக வேறு சில மேகங்கள் தெரியும். ஒரு மின்கம்பத்தின் உச்சியைக் குறியாக வைத்துக் கொஞ்ச நேரம் கவனித்தால், அவை நேர் எதிர்த் திசையில், கிழக்கிலிருந்து மேற்காக, நகர்வதைக் காணலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் கீழைத் தாரைக்காற்றின் வேலை அது. இந்திய வானிலையாளர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் இந்தக் காற்றைப் பற்றி எழுதிய கட்டுரையை உலக வானிலை இயலார் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வங்காள விரிகுடாவில் எழும் இடிமேகங்களின் உச்சியிலிருந்து பிய்ந்து வரும் பனித்துகள்களை அது நம் தலைக்கு மேல் கொண்டுவருகிறது. அப்படி வந்து சேர்பவையும், அந்த உயரத்திலேயே புதிதாகப் பிறப்பவையும் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் கீற்று மேகம்.

கீற்று மேகத்தில் நீர்த்துளி கிடையாது, முழுக்கப் பனிப்படிகம். தரையில் 38 டிகிரி வெயில் கொளுத்தும் நாளிலும் பதினான்கு கிலோமீட்டர் மேலே வெப்பநிலை மைனஸ் 65, மைனஸ் 70 என்று இருக்கும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் மைனஸ் 80ஐ நெருங்கும். அவ்வளவு குளிரில் நீராவி பனியாவதில் என்ன புதிர் என்று தோன்றலாம். எப்போது உறையும், எத்தனை படிகம் பிறக்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் திட்டமான விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதே புதிர். இதைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் உலகெங்கும் இருக்கின்றன; ஒரே மேகத்துக்கு அவை தரும் படிக எண்ணிக்கை ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. இன்று நான் நிறுவ விரும்புவது இதுதான்: அந்தக் குறை கணினியின் வலுவில் இல்லை. மேல்வானில் ஈரம் எவ்வளவு, காற்று எந்த வேகத்தில் ஏறுகிறது, என்ன துகள்கள் மிதக்கின்றன என்ற மூன்று அளவுகள் நம் பகுதிக்குப் போதுமான அளவில் எடுக்கப்படவில்லை. வேறு நாட்டு வானத்தில் எடுத்த அளவுகளை வைத்துச் சரிபார்த்த மாதிரி, நம் வானத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதற்கு இன்னும் ஆதாரம் சேரவில்லை.

முதல் ஆட்சேபத்தை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். கீற்று மேகம் தரைக்கு மழை தருவதில்லை. மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுவிட்டு ஐப்பசி மழையை எதிர்பார்க்கும் வட்டாரத்தில், மழை தராத மேகத்தைப் பற்றிப் பேசுவானேன்? நியாயமான கேள்வி. தொலைக்காட்சியில் வரும் செயற்கைக்கோள் படத்தையே இதற்கு விடையாக வைக்கிறேன். மதுரை மாவட்டத்தின் மேல் பளீரென்று வெள்ளை படர்ந்திருக்கும்; கீழே ஒரு சொட்டு விழாது. 2016இல் ஏவிய இன்சாட் 3டிஆர், 2024இல் ஏவிய 3டிஎஸ் ஆகியவற்றின் அகச்சிவப்புக் கருவிகள் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அளக்கின்றன. உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது, உயரமானால் இடிமேகம், இடிமேகமானால் மழை. இப்படிப் போகிறது அனுமானம். இவ்வகை மதிப்பீட்டு முறைகளில் மிக எளிய ஒன்று, 235 கெல்வினுக்குக் கீழே, அதாவது மைனஸ் 38 டிகிரிக்குக் கீழே, குளிர்ந்த மேகப் பரப்புக்கெல்லாம் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை என்று கணக்கு வைத்தது. பின்னால் வந்த முறைகள் இதைப் பலவாறு திருத்தியிருக்கின்றன. ஆனாலும், தடித்த கீற்று மேகமும் இடிமேகமும் செயற்கைக்கோளுக்கு ஒரே மாதிரிக் குளிர்ந்த முகத்தைக் காட்டும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. மழைமானி இல்லாத இடங்களில் இந்தக் கணக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மழை தராத மேகத்தை அடையாளம் காணத் தெரியாதவரை, மழை தருகிற மேகத்தையும் சரியாக எண்ண முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது உலகம் தழுவியது. மெல்லிய கீற்று மேகம் சூரிய ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பூமியிலிருந்து மேலெழும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கூட்டிக் கழித்தால் அது பூமியைச் சூடாக்கும் மேகம். அதே மேகம் தடித்திருந்தால், அல்லது அதே அளவு பனி ஏராளமான சிறு படிகங்களாகப் பிரிந்திருந்தால், வெயிலைத் திருப்பி அனுப்பும் பங்கு கூடி, கணக்கு மாறிவிடும். ஆகப் படிகங்களின் எண்ணிக்கை என்பது ஆய்வுக்கூடத்துக்குள் அடங்கிவிடும் ஒரு விவரம் அல்ல. பூமியின் வெப்பக் கணக்கில் மேகங்கள் சம்பந்தப்பட்ட ஐயங்களில் ஒரு பகுதி இந்த எண்ணிக்கையில் போய் முடிகிறது.

மேலே இருப்பது பனிதான் என்பதற்குக் கருவி எதுவும் இல்லாமலே ஒரு சான்று நம்மிடம் இருக்கிறது. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று கிராமத்தில் சொல்வார்களே, அந்த வட்டம். கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியால் நிலாவை மறைத்தால், வட்டம் சுண்டுவிரல் நுனிக்குப் பக்கத்தில் வரும். அது ஏறக்குறைய 22 டிகிரி. அறுகோணப் பனிப்படிகத்தில் ஒன்றுவிட்ட இரு பக்கங்கள் தமக்குள் 60 டிகிரியில் சாய்ந்திருப்பதால், உள்ளே நுழைந்து வெளியேறும் ஒளி குறைந்தது 22 டிகிரி வளைந்தே ஆக வேண்டும். நீர்த்துளியால் இந்த வட்டத்தை உண்டாக்க முடியாது. அகல் வட்டம் பகல் மழை என்ற பழமொழியில் முதல் பாதி இப்படி இயற்பியலோடு பொருந்துகிறது. இரண்டாவது பாதியை அவ்வளவு உறுதியாக ஏற்க முடியவில்லை. ஐரோப்பாவில் கீற்று மேகத்துக்குப் பின்னால் பல நேரம் மழைமேக வரிசையே வந்து சேரும். நம் பகுதியில் வட்டம் தெரிவது, எங்கோ தொலைவில் ஓர் இடிமேகம் எழுந்து அதன் உச்சி இந்தப் பக்கம் பரவியிருக்கிறது என்பதற்கு அறிகுறி. அந்த மழை நமக்கு வரலாம், கடலிலேயே கொட்டித் தீரவும் செய்யலாம்.

இனி உறைதலுக்கு வருவோம். பூஜ்யம் டிகிரியில் நீர் உறையும் என்று பள்ளியில் படித்தோம். உருகும் வெப்பநிலையாக அது சரி. தூய நீரை மிகச் சிறு துளிகளாக்கி மிதக்கவிட்டால் மைனஸ் 10இல் உறையாது, மைனஸ் 30இல் உறையாது. மைனஸ் 38ஐ ஒட்டித்தான் தானாக உறையும். காரணம், உறைதலுக்கு ஒரு தொடக்கம் வேண்டும். சில நூறு மூலக்கூறுகள் தற்செயலாகப் பனியின் ஒழுங்கில் ஒன்றுசேர்ந்து, கலைந்துவிடாமல் நிற்க வேண்டும். அந்தச் சிறு கூட்டத்தை உறைகரு என்று சொல்லலாம். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் அது கலைந்துவிடும். அதைத் தாண்டிவிட்டால் துளி முழுவதும் நொடியில் உறைந்துவிடும். கீற்று மேகம் பிறக்கும் உயரத்தில் தூய நீர்த்துளி இல்லை. கந்தக அமிலம் கரைந்த மிக நுண்ணிய துளிகள் இருக்கின்றன. கரைபொருள் இருப்பதால் இவை உறைய இன்னும் தயங்கும். எவ்வளவு தயங்கும் என்பதைத் தாமஸ் கூப்பும் அவருடைய சகாக்களும் 2000இல் ஒரு தெளிவான விதியாக்கினார்கள்: கரைந்திருப்பது எந்தப் பொருள் என்பது முக்கியமில்லை, அந்தக் கரைசலில் நீருக்கு மீதமிருக்கும் செயல்திறன் எவ்வளவு என்பதே போதும். இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த விதியைத்தான் பயன்படுத்துகின்றன. இதன்படி, காற்றின் ஈரம் பனியை ஒப்பிட்டு 100 விழுக்காட்டைத் தொட்ட பிறகும் மேகம் பிறக்காது. 140, 150, மிகக் குளிர்ந்த இடத்தில் 160 விழுக்காடு வரை ஏறினால்தான் துளிகள் தாமாக உறையும். இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லை என்பதை விமானம் விட்டுச் செல்லும் வெண்கோட்டில் பார்க்கலாம். கோடு விமானத்தின் வாலோடு வாலாகக் கரைந்தால் அங்கே காற்று உலர்ந்திருக்கிறது. மேகமே இல்லாத நீல வானத்தில் கோடு நெடுநேரம் நின்று, அகன்று, பரவினால், பனிக்குத் தேவையான ஈரம் அங்கே முன்பே மிஞ்சிக் கிடந்தது. உறைகருதான் இல்லாமல் இருந்தது.

இந்த உறைகருவைக் கணினியில் பார்க்கும் முயற்சிக்கு ஹைதராபாத்தில் பிறந்த ஒருவர் வழி திறந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அனீசூர் ரஹ்மான் 1927இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1964இல் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் கணக்கிட்டார். 1971இல் ஃபிராங்க் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணக்கிட்டார். திரவ நீரை மூலக்கூறு மூலக்கூறாகக் கணினியில் இயக்கிப் பார்த்த முதல் முயற்சி அது. அந்த நீர் கணினிக்குள் தானாக உறைவதைப் பார்க்க இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. 2002இல் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமோட்டோ, சைட்டோ, ஓமினே ஆகியோர் 512 மூலக்கூறுகளை வைத்து அதைக் காட்டினார்கள். அவ்வளவு தாமதம் ஏன்? பத்து மைக்ரான் அகலமுள்ள ஒரு துளியில் சுமார் 17 லட்சம் கோடி மூலக்கூறுகள் உண்டு. அத்தனை பேரில் யாரோ சில நூறு பேர் எப்போதோ ஒருமுறை ஒழுங்காகச் சேர்ந்தால் போதும், துளி உறைந்துவிடும். கணினியில் இருப்பதோ சில நூறு, சில ஆயிரம் மூலக்கூறுகள். பார்க்க முடிவதோ ஒரு நொடியின் மிகச் சிறு பின்னம். அரிதாக நடப்பதை அவ்வளவு சிறிய சாளரத்தின் வழியே காத்திருந்து பிடிக்க வேண்டும். அரிய நிகழ்வுகளைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டுச் சேர்க்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. இருந்தாலும், நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான விசையை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து உறையும் வேகம் பல பத்து மடங்கு மாறுகிறது. ஆகவே மூலக்கூறு மட்டத்திலேயே கணக்கு ஆய்வுக்கூட அளவீட்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

ஒரு துளியிலிருந்து மேகத்துக்கு ஏறினால் சிக்கலின் முகம் மாறுகிறது. என் வாதத்தின் முக்கியமான இடம் இது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மைனஸ் 60 டிகிரியில், பனியை ஒப்பிட்டு 100 விழுக்காடு ஈரம் கொண்ட காற்றுத் திரள் ஒன்று நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல மேலேறுகிறது என்று கொள்வோம். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். அந்த ஒரு டிகிரிக்கு ஒப்பு ஈரம் சுமார் 12 விழுக்காடு கூடும். 150 விழுக்காட்டைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். அங்கே துளிகள் உறையத் தொடங்கும். பிறந்த படிகங்கள் சுற்றியுள்ள ஆவியை உடனே உறிஞ்சத் தொடங்குவதால் ஈரம் இறங்கும், புதிய பிறப்பு நின்றுபோகும். இந்தப் பந்தயம் முழுவதும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது அதே காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஏறினால்? ஆறு நிமிடத்தில் அதே எல்லையைத் தொடும். குளிர்தல் வேகமானதால், முதல் படிகங்கள் ஈரத்தை இறக்குவதற்குள் இன்னும் ஏராளமான துளிகள் உறைந்துவிடும். வேகம் பத்து மடங்கு கூடினால் படிக எண்ணிக்கை சுமார் முப்பது மடங்கு கூடும் என்பதே பெர்ன்ட் கார்ஷரும் உல்ரிக்கே லோமனும் 2002இல் எழுதிய சூத்திரத்தின் சாரம். விளைவைப் பாருங்கள். ஈரமும் அதேதான், குளிரும் அதேதான். ஏறும் வேகம் மட்டும் வேறு. ஒன்றில் சில பெரிய படிகங்கள். மற்றொன்றில் ஏராளமான பொடிப்படிகங்கள். நூறு மைக்ரான் படிகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் கீழே விழுந்து உலர்ந்த காற்றில் ஆவியாகிவிடும். பத்து மைக்ரான் படிகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இறங்கும். முதல் மேகம் சீக்கிரம் கலையும், இரண்டாவது மேகம் நாள் முழுக்க நிற்கும். நொடிக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரையிலான இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்குபவை பெரும்பாலும் காற்றின் ஈர்ப்பு அலைகள். மலைமுகட்டில் காற்று மோதும்போதும், இடிமேகம் மேலே பாயும்போதும் அவை கிளம்பும். மேற்கே மலையும் கிழக்கே இடிமேகம் எழும் கடலும் உள்ள நம் பகுதியில் இவை இரண்டுக்கும் குறைவில்லை.

அடுத்தது துகள்கள். பாலைவனத் தூசி போன்ற திடத்துகள்களின் பரப்பில் உறைதல் இதைவிட எளிதாக, குறைந்த ஈரத்திலேயே தொடங்கிவிடும். மேலே மிதக்கும் துகள்களில் இப்படிப்பட்டவை மிகச் சிறுபான்மை, துளிகளோ ஏராளம். ஆனாலும் சிறுபான்மைதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. பந்தியில் முந்தி உட்கார்ந்தவர்கள் சோற்றைத் தீர்த்துவிட்டால் பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு இலை போட்டுப் பயனில்லை. அதுபோலத் தூசியில் முதலில் பிறந்த படிகங்கள் ஆவியைத் தின்று ஈரத்தை 150 விழுக்காட்டுக்கு ஏறவே விடாமல் செய்துவிடும். அப்போது படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து, சீக்கிரம் விழும். டேனியல் சிசோவின் குழு, 2013இல் வெளியிட்ட ஆய்வுக்காக, வட, மத்திய அமெரிக்காவுக்கு மேலே விமானத்தில் பறந்து, படிகங்களைப் பிடித்து, பனியை ஆவியாக்கி, உள்ளே மிஞ்சிய துகளை ஆராய்ந்தது. அறுபது விழுக்காட்டை ஒட்டியவற்றில் கனிமத் தூசியும் உலோகத் துகளும் இருந்தன. இது பலருக்கு வியப்பைத் தந்தது. துளிகள் தாமாக உறைவதே கீற்று மேகத்தின் பொதுவழி என்று அதுவரை பரவலாக நம்பினார்கள். ஆனால் அந்த முடிவு அமெரிக்க வானத்துக்கு உரியது. நம் மேல்வானின் துகள் கலவை அதுவேதானா?

அதுவல்ல என்பதற்கு வலுவான சான்று 2019இல் வந்தது. மைக்கேல் ஹாப்ஃப்னரும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் பதிவுகளையும், 2017 கோடையில் காத்மாண்டுவிலிருந்து பறந்த உயரப் பறப்பு விமானத்தின் அளவீடுகளையும், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மேக அறைச் சோதனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஆசியப் பருவமழைக் காலத்தில் மேல்வானில் அம்மோனியம் நைட்ரேட் துகள்கள் பெருமளவில் இருப்பது உறுதியானது. இந்த அம்மோனியா தரையிலிருந்து போகிறது: வயலில் தூவிய யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணம், மூத்திரத்திலிருந்தும். வட இந்தியச் சமவெளியில் கிளம்பும் அம்மோனியாவைப் பருவமழை இடிமேகங்கள் 15 கிலோமீட்டருக்குத் தூக்கிச் செல்கின்றன. அங்கே அது நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிறது. சிறிது சல்ஃபேட் கலந்திருந்தால் அந்த உப்பு திடப்படிகமாகிவிடும். திடப்படிகமானால் பனி பிறக்க நல்ல இடமாகிவிடும். வயலில் போட்ட உரத்தில் ஒரு சிறு பங்கு மேகத்தின் வித்தாக மாறுகிறது என்பதை நான் வியப்போடும் கவலையோடும் பார்க்கிறேன். பருவமழைக் காலத்தில் மேல்வானில் நிற்கும் பெரும் காற்றுச்சுழலின் நடுப்பகுதி திபெத்தையும் வட இந்தியாவையும் ஒட்டி இருக்கிறது. அதன் தென்விளிம்பில் ஓடுவதே நாம் முதலில் பேசிய கீழைத் தாரைக்காற்று. ஆகவே அந்தத் துகள்கள் மதுரைச் சமவெளிக்கு மேல் எவ்வளவு வருகின்றன, வங்கக்கடல் காற்றோடு எப்படிக் கலக்கின்றன என்பது நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பழைய மாதிரிகளில் பலவற்றில் அம்மோனியம் நைட்ரேட் உறைதலைத் தொடங்கிவைக்கும் துகளாக இடம்பெறவே இல்லை. இல்லாத ஒன்றை எவ்வளவு வேகமாகக் கணக்கிட்டாலும் அது விடையில் வரப்போவதில்லை.

இங்கே மறுப்பு எழும். நம் நாட்டில் கணினி வலு வளர்ந்துகொண்டே போகிறதே, காலப்போக்கில் இது தானாகத் தீர்ந்துவிடாதா? வளர்ச்சி உண்மை, அதில் பெருமைப்பட இடமும் இருக்கிறது. 2018இல் புனேயில் பிரத்யூஷும் நொய்டாவில் மிஹிரும் நிறுவப்பட்டன. 2024 செப்டம்பரில் அவற்றின் அடுத்த தலைமுறையாக அர்க்கா, அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடும் பாரத் முன்கணிப்பு முறை செயல்பாட்டுக்கு வந்தது. முன்பு இருந்தது 12 கிலோமீட்டர். மழைக் கணிப்புக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் 6 கிலோமீட்டர்க் கட்டம் என்றால் 36 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, ஓர் அடுக்குக்கு, ஒரே ஒரு ஏறுவேகம். மேலே சொன்ன அலைகளில் பல இந்தக் கட்டத்தைவிடச் சிறியவை. கட்டத்துக்குள் அடங்கிப்போகும் ஏற்ற இறக்கத்தை ஒரு சூத்திரத்தால் மதிப்பிட்டே தீர வேண்டும்; அந்தச் சூத்திரத்தின் எண்கள் அளவீட்டிலிருந்து வந்தாக வேண்டும். கட்டத்தை நூறு மீட்டராகச் சுருக்கினாலும், மேலே ஈரம் எவ்வளவு என்று தொடங்கும்போதே தவறாகக் கொடுத்தால் விடையும் தவறாகவே வரும். சாதாரண வானிலை பலூனின் ஈரமானி மைனஸ் 60, 70 டிகிரியில் தடுமாறும். அதுவும் நமக்கு ஓரளவு அருகில் பலூன் ஏறுவது சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற இடங்களில். அனுமானம் எவ்வளவு பெரிய தவறைச் செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். உலகத்தின் முதன்மையான வானிலை மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய மையத்தின் மாதிரி, 2000களின் நடுப்பகுதி வரை, ஈரம் 100 விழுக்காட்டைத் தாண்டியதும் மிச்சம் அனைத்தும் உடனே பனியாகிவிடும் என்று வைத்திருந்தது. விமானங்கள் பல ஆண்டுகளாக அளந்து காட்டிய மிகை ஈரம் அந்த மாதிரியின் வானத்தில் இருக்கவே முடியாது. அதைத் திருத்த வைத்தவை அந்த அளவீடுகள்தாம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இயற்பியலே இனித் தேவையில்லை என்ற குரலும் இப்போது கேட்கிறது. வானிலைக் கணிப்பில் அது செய்யும் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புயலின் பாதையைச் சில நிமிடத்தில் நன்றாகவே கணித்துவிடுகிறது. ஆனால் அது எதிலிருந்து கற்கிறது என்று பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டு வானிலைத் தொகுப்பிலிருந்து. அந்தத் தொகுப்பு அளவீடுகளையும் பழைய வகை மாதிரியையும் கலந்து செய்தது. அளவீடு அடர்த்தியாக உள்ள இடத்தில் அது உண்மைக்கு அருகில் இருக்கிறது. அளவீடு மெலிந்த இடத்தில் அதில் இருப்பது பெரும்பாலும் மாதிரியின் சொந்தக் கருத்து. வெப்பமண்டல மேல்வானின் ஈரம் அப்படி மெலிந்த இடங்களில் ஒன்று. அங்கே நுண்ணறிவு கற்றுக்கொள்வது வானத்தையல்ல, இன்னொரு மாதிரியின் வழக்கத்தை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வாதம் வரும்: இவ்வளவு ஐயம் என்றால் மாதிரிகளையே ஒதுக்கிவிட்டு அளப்பதோடு நின்றுகொள்ளலாமே? அதை என்னால் ஏற்க முடியாது. மாதிரி இல்லாவிட்டால் எதை அளப்பது என்றே தெரியாது. ஏறுவேகம் இவ்வளவு முக்கியம் என்பதும், தூசி பெரும்பான்மையை அடக்கிவிடும் என்பதும் கணக்குப் போட்டதால் தெரியவந்தவை. விமானத்தில் நூறு மணி நேரம் பறந்து படிகங்களை எண்ணினாலும், ஏன் அத்தனை என்று அந்த எண்ணிக்கை தானாகச் சொல்லாது. தவறு என்று நிரூபிக்கத்தக்க ஒரு விடையைத் துணிந்து சொல்வதுதான் மாதிரியின் பயன்.

இது அவசரமான காரியம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009இல் டேவிட் மிட்செலும் வில்லியம் ஃபின்னகனும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். கீற்று மேகம் பிறக்கும் உயரத்தில் உறைதலைத் தொடங்கிவைக்கும் துகள்களைத் தூவினால், படிகங்கள் குறைவாகவும் பெரிதாகவும் பிறந்து சீக்கிரம் விழும், மேகம் மெலியும், பூமியின் வெப்பம் வெளியேறும். கணக்கு நேர்த்தியானது. ஆனால் துளிகள் தாமாக உறைவதே இப்போது பெருவழியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். தூசியோ நைட்ரேட்டோ ஏற்கெனவே முந்திக்கொண்டிருக்கும் வானத்தில் கூடுதலாகத் தூவினால் படிகங்கள் பெருகி, மேகம் தடித்து, சூடு கூடவும் கூடும். பின்னர் வந்த மாதிரிகளில் சில குளிர்ச்சி என்றன, சில பயனில்லை என்றன, அளவு மிஞ்சினால் கேடு என்றும் சொல்லின. எங்கோ எடுக்கும் முடிவில் நம் தலைக்கு மேலுள்ள மேகத்தை மாற்றத் துணிவதற்கு இந்த நிலையில் யாருக்கும் அறிவியல் உரிமை இல்லை என்பது என் திடமான கருத்து. நம் வானத்தின் உண்மை நிலை நம் கையில் எண்ணாக இருந்தால்தான் அப்படி ஒரு பேச்சு வரும்போது நாம் எதிரே உட்கார்ந்து வாதாட முடியும்.

அளக்க முடியுமா என்றால் முடியும்; நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் 1998 முதல் ஜப்பானியர் ஒத்துழைப்புடன் நிறுவிய லைடார் இயங்கிவருகிறது. இரவில் மேல் நோக்கிப் பாய்ச்சும் லேசர் ஒளி மேகத்தில் பட்டுத் திரும்புகிறது. உருண்டைத் துளியில் பட்ட ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றாமல் திரும்பும். கோணல்மாணலான படிகத்தில் பட்டது மாற்றிக்கொண்டு திரும்பும். அதை வைத்தே மேலே இருப்பது பனியா நீரா, எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு தடிப்பு என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய கீற்று மேகங்கள் 15, 16 கிலோமீட்டரில் மிதப்பதையும் அது பதிந்திருக்கிறது. அதே வளாகத்தில் உள்ள எம்.எஸ்.டி. ரேடார் காற்று ஏறி இறங்கும் வேகத்தை நேரடியாக அளக்கிறது. நம் கணக்கில் முதன்மையான எண் என்று சொன்னோமே, அதையே. 2014 தொடங்கி அமெரிக்க, இந்திய விஞ்ஞானிகள் சேர்ந்து காதங்கியிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் பலூன்களில் துகள் எண்ணும் கருவிகளை அனுப்பி, ஆசிய மேல்வானத் துகள் அடுக்கை ஆராய்ந்திருக்கிறார்கள். இவை எல்லாம் இங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. காதங்கியும், அங்கிருந்து தெற்கே மலையை ஒட்டி இருக்கும் நம் பகுதியும் ஒரே வானம் என்று எடுத்துக்கொள்ளலாகாது.

மதுரைச் சமவெளிக்கு இதில் ஒரு தனித் தகுதி உண்டு. மேல்வானில் தாரைக்காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குக் கரையில் அடைமழை மேகம் லேசர் கதிரைத் தடுத்துவிடும். பேரையூர், உசிலம்பட்டி, டி. கல்லுப்பட்டிப் பக்கம் தாழ்ந்த மேகம் இல்லாமல் போகாது; ஆனால் இடைவெளி விட்டு ஓடும் மேகம் அது. விவசாயிக்கு இழப்பான இந்த மழை மறைவு, மேலே பார்க்க வேண்டியவருக்கு வாய்ப்பு. ஒரு லைடார், பனிப்புள்ளியை நேரடியாக அளக்கும் ஈரமானி கட்டிய சில பலூன்கள், படிகங்களைப் படம் பிடித்து இறங்கும் கருவி, ஒரு முழுப் பருவம்: இவ்வளவுதான் தேவை. செலவு அதிகம் என்பவர்கள், ஆண்டு முழுக்க ஓடும் சூப்பர் கம்ப்யூட்டர்களின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்களும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் மாணவர்களும் இரவுமுறை பார்க்க முடியும். எடுத்த அளவுகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி உடனுக்குடன் வெளியிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதிரியிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம். ஜூலை மாதத்தின் குறிப்பிட்ட ஓர் இரவில், பேரையூருக்கு மேலே 14 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு லிட்டர் காற்றில் எத்தனை படிகம்? பத்து என்று ஒன்று சொல்லும், முந்நூறு என்று இன்னொன்று சொல்லும். பலூன் கொண்டுவரும் எண் இரண்டில் ஒன்றையாவது தள்ளிவிடும். அதைத் தள்ளிய பிறகு அடுத்த ஆண்டு எதை அளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.